ஊசி முனையும் ஒரு மணி நேரமும்

(சிலமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பு என்னவென்று கேட்டு வந்த நண்பரிடம் 'குழந்தைகளுக்கு ஊசி வலியைக் குறைப்பது' என்றேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "இதுல ஒரு மணி நேரம் பேச என்ன சார் இருக்கு? ஊசின்னா வலிக்கத்தானே செய்யும்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவ உலகமே வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. ஊசி வலிக்கும், குழந்தை அழும், அம்மா தூக்கிச் சமாதானம் செய்வாள், இரண்டு நிமிடத்தில் எல்லாம் மறந்துவிடும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்றுதான் பெரிய பெரிய பேராசிரியர்களும் நினைத்தார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி பிறந்ததும் பி.சி.ஜி., ஹெபடைடிஸ் பி என இரண்டு. ஒன்றரை மாதத்தில் ஒரே நாளில் மூன்று: இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி., வலது மேல்கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி. இரண்டரை மாதத்தில் ஒன்று. மூன்றரை மாதத்தில் மறுபடியும் மூன்று. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா, பி.சி.வி., போலியோ என்று இன்னும் மூன்று. முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்குள் நோய்நொடியே இல்லாத பிள்ளைக்கும் 12 குத்து. இடையில் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, டிரிப் என்று வந்தால் அது தனிக்கணக்கு.

இந்தக் கணக்கு கூடியிருக்கவேண்டியது, கூடாமல் தப்பியது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் ஒரே குத்தாக பென்டா தடுப்பூசி வந்ததுதான் காரணம். நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், தமிழகமும் கேரளமும்தான் அதைத் தொடங்கின. வலியைக் குறைத்ததில் இதற்கு ஈடாக எந்தக் களிம்பும் எதையும் செய்துவிடவில்லை என்பது என் எண்ணம். போடாத ஊசி வலிப்பதில்லை.

குழந்தைக்கு வலி தெரியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பாட்டிமார்கள் சிரிப்பீர்கள். ஆனால் 1980-களின் நடுப்பகுதிவரை பச்சிளம் குழந்தைகளுக்கு, அதுவும் குறைமாதக் குழந்தைகளுக்கு, நரம்பு மண்டலம் முதிரவில்லை, அதனால் வலி உறைக்காது, மயக்க மருந்து கொடுத்தால்தான் ஆபத்து என்று மேலை நாட்டு மருத்துவமனைகளிலேயே நம்பினார்கள். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சைக்குக்கூடக் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும், கை கால் அசையாமலிருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தால் போதும் என்றிருந்தார்கள். குழந்தை அசையாது. அசையாததால் வலி இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவை உடைத்தவர் இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டுக்குப் போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த். இதயத்துக்கு அருகே மூடாமல் போன ரத்தக்குழாயைக் கட்டும் அறுவைச் சிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை மட்டும். இன்னொரு பிரிவுக்கு ஃபென்டனில் என்ற வலி நீக்கியும் சேர்த்து. வலி நீக்கி கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சிக்கான ஹார்மோன்கள் எகிறின. அறுவைக்குப் பிறகு வந்த சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1987-இல் 'லான்செட்' இதழில் இது வந்தபோது பெரிய சலசலப்பு. தாய்க்கு எப்போதும் தெரிந்த ஒன்றை மருத்துவருக்கு ஹார்மோன் அளந்து காட்டவேண்டியிருந்தது. அளந்து காட்டினால்தான் நாங்கள் நம்புவோம். அது எங்கள் தொழிலின் பலவீனம் என்றும் சொல்லலாம், பலம் என்றும் சொல்லலாம்.

'இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும்' என்பதையும் சோதித்தார்கள். கனடாவின் டொராண்டோவில் அன்னா டாடியோ என்ற மருந்தியல் அறிஞர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இது. பிறந்தவுடன் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நான்கு அல்லது ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது, செய்யப்படாத குழந்தைகளைவிடக் கூடுதலாக வலியைக் காட்டினார்கள். சுன்னத்துக்கு முன் மரப்புக் களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம் அந்த வேகம் குறைந்திருந்தது. குழந்தையின் மனம் மறந்திருக்கலாம், உடம்பு கணக்கு வைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் களிம்பைப் பற்றித்தான் இன்று விரிவாகப் பேச வந்தேன்.

போடி ஏலக்காய்ச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மரப்பு என்றால் உடனே நினைவுக்கு வருவது கிராம்பு. சொத்தைப் பல்லில் கிராம்பை வைத்துக் கடித்தால் சற்று நேரத்தில் அந்த இடம் மந்தமாகிறது. கிராம்பிலுள்ள யூஜெனால் எண்ணெயின் வேலை அது. ஆனால் அதே எண்ணெயைக் கையில் தடவிவிட்டு ஊசி குத்தினால் வலி அப்படியே இருக்கும். தோல் எரிச்சல்தான் மிச்சம். வாய்க்குள் வேலை செய்வது கையில் ஏன் செய்வதில்லை? வாயின் உட்பகுதி ஈரமான மெல்லிய சவ்வு. கையிலோ தோலின் மேலே உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காகக் கொழுப்போடு இறுகி ஒரு படலமாக இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. ஆனால் தண்ணீரும் உள்ளே போகாது, மருந்தும் போகாது. மழையில் நனைந்து காட்டு வேலை செய்யும்போது உங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

வரலாற்றிலும் இதே தடைதான் நின்றது. 1884-இல் வியன்னாவின் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கோகெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டுபிடித்தார். முதலில் தவளைக் கண், பிறகு தன் கண். உலகம் முழுவதும் கண் அறுவை ஒரே நாளில் மாறியது போல மாறிவிட்டது. கண்ணுக்கும் மூக்குக்கும் சொட்டு போதும், தோலுக்கு? தோலை மரக்கவைக்க மருந்தை ஊசியால்தான் உள்ளே செலுத்தவேண்டும். ஊசி வலிக்காமலிருக்க ஊசி! 1943-இல் ஸ்வீடனில் நீல்ஸ் லோஃப்கிரன் லிடோகெய்னை உருவாக்கினார். பல் பிடுங்கப் போனவர்கள் எல்லோருக்கும் அறிமுகமான 'சைலோகெய்ன்' அதுதான். பாதுகாப்பான மருந்து கிடைத்தது. ஆனாலும் தோலின் கதவு திறக்கவில்லை.

கதவைத் திறந்தது ஒரு எளிய வேதியியல். நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு மூன்றையும் ஒரு சீசாவில் போட்டுக் குலுக்கித் தருவார்கள், பார்த்திருப்பீர்கள். மூன்றும் கட்டி. தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை, அடுப்பில் வைக்கவில்லை. ஆனால் சேர்ந்ததும் உருகித் தைலமாகிவிடும். அமிர்ததாரை என்பார்கள். சேர்க்கையில் ஒன்றின் உருகுநிலையை மற்றது இறக்கிவிடுகிறது. லிடோகெய்னும் அதன் பங்காளியான பிரிலோகெய்னும் இதையே செய்கின்றன. லிடோகெய்ன் தனியாக உருக சுமார் 67 டிகிரி வேண்டும், பிரிலோகெய்னுக்கு சுமார் 37. இரண்டையும் சம அளவில் கலந்தால் 18 டிகிரியிலேயே எண்ணெயாகிவிடுகிறது. கரைக்கத் தனி எண்ணெய் தேவையில்லை, மருந்தே எண்ணெய். அதைத் தண்ணீரில் நுண்ணிய துளிகளாகக் கலக்கி க்ரீமாக்கினார்கள். மொத்த க்ரீமில் மருந்து 5 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு துளிக்குள்ளும் 80 சதவீதம். அந்த அடர்த்திதான் தோலின் படலத்தைத் தாண்டி மருந்தைத் தள்ளுகிறது. ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் 1980-களில் 'எம்லா' என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா 1992-இன் கடைசியில்தான் அனுமதித்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் இதே கலவை 'பிரிலாக்ஸ்' போன்ற பெயர்களில் கிடைக்கிறது.

உள்ளே போன மருந்து என்ன செய்கிறது? நரம்பு இழையில் சோடியம் உள்ளே பாயும்போதுதான் வலிச் செய்தி நகரும். அந்த நுழைவாயிலை மருந்து அடைத்துவிடுகிறது. செய்தி கிளம்புவதே இல்லை. மூளை தூங்கவில்லை, குழந்தை விழித்துச் சிரித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒரு சதுர அங்குலம் மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்கிறது.

தடவும் முறையைக் கவனமாகச் சொல்கிறேன், பலர் இங்கேதான் தவறுகிறார்கள். முகத்துக்கு க்ரீம் தேய்ப்பதுபோல் தேய்த்து உள்ளே இறக்கக் கூடாது. ஊசி போடும் இடத்தில் கெட்டியாக ஒரு குவியலாக வைக்கவேண்டும். மேலே காற்றுப் புகாதபடி ஒட்டும் பிளாஸ்டிக் படலம். மருத்துவமனையில் அதற்கென்றே இருக்கிறது. பிள்ளை பிய்த்து வாயில் வைத்துவிடாமல் மேலே ஒரு துணிச் சுற்று. மூடிய நேரத்தைப் பேனாவால் அந்தப் படலத்தின் மீதே எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் எடுத்துத் துடைத்தால் அந்த இடம் வெளுத்திருக்கும். பயப்பட வேண்டாம், மேல்தோலின் ரத்த நாளங்கள் சுருங்கியதன் அடையாளம். நரம்பு தேடி ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் இது தொல்லை. ஏற்கெனவே மெலிந்த நாளம் இன்னும் ஒளிந்துகொள்ளும். எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் தெளியும். மரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும் என்பதால் அவசரம் இல்லை.

ஒரு மணி நேரத்தில் மருந்து இறங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம். இரண்டு மணி நேரம் வைத்தால் 5. தொடைத் தசைக்குப் போகும் தடுப்பூசியின் ஊசி நீளமோ 25 மில்லிமீட்டர். ஆகையால் தோலைத் துளைக்கும் அந்தச் 'சுருக்' குறையும். மருந்து தசைக்குள் இறங்கும்போது வரும் கடுகடுப்பு இருக்கத்தான் செய்யும். களிம்பு தடவினால் பிள்ளை அழவே அழாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ரத்தம் எடுப்பது, டிரிப் ஊசி ஏற்றுவது போன்ற மேலோட்டமான குத்துகளில்தான் இதன் முழுப் பலனையும் பார்க்கலாம்.

ஆபத்தையும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் 'தடவுற மருந்துதானே' என்ற அலட்சியம் நம்மிடம் நிறைய. பிரிலோகெய்ன் உடம்பில் உடையும்போது பிறக்கும் ஒரு பொருள் ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க முடியாததாக மாற்றிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைச் சரிசெய்யும் நொதி குறைவு. அளவு மீறினால் உதடும் நகமும் நீலம் பூக்கும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும். அந்த வயதில் மொத்தமே 1 கிராம், 10 சதுர சென்டிமீட்டர் இடம், ஒரு மணி நேரம், அதற்கு மேல் கூடாது. மூன்று மாதம் தாண்டி 5 கிலோவுக்கு மேல் எடையிருந்தால் ஒரு வயதுவரை 2 கிராம், 20 சதுர சென்டிமீட்டர். குறைமாதப் பிள்ளை, ஜி6பிடி குறைபாடு, சல்ஃபா மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கரப்பான் உள்ள தோலில் மருந்து வேகமாக இறங்கும், நேரத்தைக் குறைக்கவேண்டும். புண்ணில் தடவக் கூடாது. பி.சி.ஜி. போன்ற உயிருள்ள கிருமியைத் தோலுக்குள் போடும் ஊசிக்கு முன் இதைத் தவிர்ப்பது நல்லது, மருந்துக்குக் கிருமியை முடக்கும் குணமும் உண்டு. பெரியவர்களுக்கும் இது விளையாட்டல்ல. அமெரிக்காவில் லேசர் முறையில் முடி நீக்கப் போன இளம்பெண்கள் இருவர், கால் முழுவதும் மரப்புக் களிம்பு பூசிப் பிளாஸ்டிக்கால் சுற்றிக்கொண்டு இறந்துபோனார்கள். அதையொட்டி 2007-இல் அந்நாட்டு மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. பல் முளைக்கிற பிள்ளையின் ஈறில் மரப்பு ஜெல் தடவுவதும் அப்படித்தான் நிறுத்தப்படவேண்டிய பழக்கம்.

சரி, இவ்வளவு நல்ல களிம்பை நம் புதன்கிழமைத் தடுப்பூசி முகாமில் ஏன் கொடுப்பதில்லை?

2015 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. களிம்பு பலன் தருவதை அது மறுக்கவில்லை. ஆனால் விலை, எல்லா இடத்திலும் கிடைக்காமை, தடவிக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் காட்டி, நாடுதழுவிய திட்டங்களில் சேர்க்கச் சொல்ல முடியாது என்றது. பதிலுக்கு அது சொன்னவை எல்லாம் காசில்லாதவை. குழந்தையைப் படுக்கையில் கிடத்தி அமுக்காதீர்கள், தாய் மடியில் வைத்துப் போடுங்கள். பால் குடிக்கும்போதே, அல்லது குடித்த கையோடு போடுங்கள். ஊசி குத்திய பின் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கும் பழைய பழக்கத்தை விடுங்கள். பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை உட்காரவைத்துப் போடுங்கள். 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள். இவ்வளவுதான்.

படிக்கும்போது எனக்கு நம் காதுகுத்து நினைவுக்கு வந்தது. ஜெனீவாவில் நிபுணர்கள் கூடி எழுதியதில் பாதியை நம் குலசாமி கோயில் வாசலில் ஆசாரியும் தாய்மாமனும் செய்துவந்திருக்கிறார்கள். பிள்ளை கிடையாகக் கிடப்பதில்லை, மாமன் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. வாயில் பழமோ சர்க்கரையோ இருக்கிறது. மேளம் ஒரு பக்கம், கிலுகிலுப்பை ஒரு பக்கம். ஆசாரியின் கை வேகமாக முடித்துவிடுகிறது. பால்மணம் மாறாத அதே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் மல்லாக்கக் கிடத்தி, இரண்டு பேர் காலைப் பிடித்து, "பிடிம்மா, நல்லா அமுக்கிப் பிடி" என்று அதட்டிக் குத்துகிறோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. தமிழ்நாட்டில் நான் பார்த்த பல இடங்களில் இதுதான் நடப்பு. (காதுகுத்துக்கும் அந்தக் களிம்பு வேலை செய்யும் என்பதைச் சொல்லிவைக்கிறேன். ஒரு வயதுப் பிள்ளையின் காதுமடலில் மருத்துவர் சொன்ன அளவில் தடவி மூடிவிட்டு முதல் பந்தியைப் போட்டால், இலை எடுப்பதற்குள் அது தன் வேலையை முடித்திருக்கும். மொய் எழுதுகிறவருக்கும் அவசரம் இருக்காது.)

இனிப்புக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிசுவின் நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விட்டால் ஊசியின் அழுகை குறைகிறது என்பது நிறையச் சோதித்துப் பார்த்த உண்மை. பிரசவ வார்டுகளில் 24 சதவீதக் கரைசலைப் பயன்படுத்தும் நாடுகள் உண்டு. ஆனால் இதை இந்த ஊரில் உரக்கச் சொல்ல எனக்குத் தயக்கம். சேனை வைப்பது நம் பக்கம் இன்னும் போகவில்லை. பிறந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் என்று ஆளுக்கொன்று தொட்டு வைக்கிறீர்கள். வேண்டாம் என்று செவிலியர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதிலிருந்து வரக்கூடிய ஒரு கிருமி நரம்பையே முடக்கும். ஆகவே சர்க்கரைக் கரைசல் என்பது செவிலியர் கையில் அளந்து கொடுக்கும் மருந்தாகவே இருக்கட்டும். வீட்டில் இருக்கும் இனிப்பு தாய்ப்பால். அதில் இனிப்போடு மடியும் சூடும் சேர்ந்தே கிடைக்கிறது.

இங்கேதான் சிலமலையின் சிக்கல் தொடங்குகிறது. தாய்ப்பால் காசில்லாத வலி நிவாரணி என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அம்மா அங்கே இருக்கவேண்டும்.

விடியற்காலையில் இந்தத் தெருக்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. தூக்குவாளியும் முதுகில் சாக்கும் தலையில் துண்டுமாகப் போகிற பெண்கள் இருட்டும் நேரத்துக்குத்தான் இறங்குகிறார்கள். பிள்ளை பெற்ற முதல் சில மாதங்கள் வீட்டில் இருக்கும் தாய், அதற்குப் பிறகு மலையேறிவிடுகிறாள். புதன்கிழமை காலையில் தடுப்பூசி அட்டையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது அப்பத்தா, அல்லது அம்மாச்சி. "நர்சம்மா, அவ மலைக்குப் போயிட்டா. நாந்தேன் கொண்டாந்தேன். சீக்கிரம் போட்டு விடுத்தா, ஆடு கட்டிக் கெடக்கு" என்று அவசரப்படுகிற பாட்டியிடம், பாலூட்டிக்கொண்டே ஊசி போடலாம் என்று எந்த அறிக்கையைக் காட்டுவது? தாயை வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். காசில்லாத முறை என்கிறார்களே, அந்தக் காசைத் தாயின் கூலியிலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே வயதைப் பார்த்து முறையை மாற்றவேண்டும் என்பது என் யோசனை. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாத ஊசிகளுக்குத் தாய் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறாள். அதிலும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் களிம்பின் அளவுக் கட்டுப்பாடு கடுமை, மூன்று இடத்தில் தடவ வழியில்லை. அங்கே தாய்ப்பால்தான் சரி. ஒன்பது மாதத்திலும், ஒன்றரை வயதுக்குப் போடும் ஊக்க ஊசிகளிலும் நிலைமை தலைகீழ். தாய் மலையில். பிள்ளை முகம் பார்த்துப் பயப்படப் பழகிவிட்டது, வெள்ளைச் சேலையைப் பார்த்தாலே வீறிடுகிறது. எடை கூடியிருப்பதால் களிம்புக்கு இடமும் கூடியிருக்கிறது. அங்கே களிம்பு நியாயம்.

நேரம் இல்லை என்ற வாதத்தை ஜெனீவாவில் ஒப்புக்கொள்ளலாம், இங்கே ஒப்புக்கொள்ள முடியவில்லை. முகாமுக்கு வந்து அட்டை கொடுத்து, எடை போட்டு, பெயர் பதிந்து, முறை வரும்வரை திண்ணையில் காத்திருக்கிற நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காத்திருப்பு இப்போதும் இருக்கிறது. அது வீணாகப் போகிறது. அட்டையைப் பதியும்போதே செவிலியர் இடத்தைக் குறித்துக் களிம்பு வைத்து மூடிவிட்டால், முறை வரும்போது தோல் தயாராக இருக்கும். எந்த இடம், எவ்வளவு என்பதைச் செவிலியரே தீர்மானிக்கவேண்டும், பாட்டி அல்ல. மிச்சம் இருப்பது விலை. தடுப்பூசி இலவசம், களிம்பு இலவசமில்லை. கனடா தன் வழிகாட்டுதலில் களிம்பைப் பரிந்துரைத்திருக்கிறது. அது பணக்கார நாடு என்பதை நான் மறுக்கவில்லை.

தடுப்பூசியைப் பொறுத்தவரை இப்படி இழுபறியாகப் பேசுகிறேன். ஆனால் இன்னொரு கூட்டம் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் விஷயத்தில் எனக்கு இழுபறி இல்லை. தாலசீமியா பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றவேண்டும், ஆயுள் முழுக்க. ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைக்கு வாரக்கணக்கில் ரத்தப் பரிசோதனை, டிரிப், முதுகுத் தண்டில் ஊசி. இந்தப் பகுதியிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கும் பேருந்து ஏறும் குடும்பங்களில் இப்படிப்பட்டவை உண்டு. எந்த நாளில் குத்தப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரியும். பேருந்தில் வரும் நேரமே களிம்புக்குப் போதும். புறங்கையிலும் முழங்கை மடிப்பிலும் நாளம் கிடைக்கும் இரண்டு இடத்தை முந்தைய தடவையே மருத்துவர் காட்டிவிட்டால், தாய் வீட்டிலேயே தடவி மூடிக் கூட்டிவந்துவிடலாம். நூறு குத்து வாங்கப்போகிற பிள்ளைக்கு முதல் குத்திலேயே இதைச் செய்யவேண்டும். பத்துப் பேர் அமுக்கிப் பிடித்த பிறகு பயத்தில் உறைந்துபோன பிள்ளைக்குப் பதினோராவது தடவை களிம்பு தடவினால் தோல் மரக்கும், பயம் மரக்காது.

பயம் பற்றி ஒரு புள்ளிவிவரம் மட்டும். டொராண்டோவில் 2012-இல் வெளிவந்த ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 63 சதவீதம் பேர் ஊசிக்குப் பயம் என்றார்கள். பெற்றோரில் 24 சதவீதம். 2021-இல் கொரோனா ஊசிக்கு வரிசையில் நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்ட மீசைக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பயத்துக்கு நாமே உரம் போடுகிறோம். "சேட்டை பண்ணுன, டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று மிரட்டாத வீடு இந்த மாவட்டத்தில் இருக்கிறதா? போலீஸ்காரருக்கு அடுத்தபடியாக எங்களை வைத்துத்தான் சோறு ஊட்டுகிறீர்கள். அடுத்த மாதம் அதே பிள்ளையைத் தூக்கிவந்து, "மாமா ஒண்ணும் பண்ண மாட்டாருடா" என்கிறீர்கள். பிள்ளை எதை நம்பும்?

ஐந்து வயது ஊக்க ஊசிக்கு வரும் பிள்ளைக்குப் புரியும் மொழியில் உண்மையைச் சொல்லலாம். "கையில ஊசி போடுவாங்க. கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருக்கும். நீ என் மடியில இருப்ப. அவங்க 'இப்ப' னு சொன்னதும் நல்லா ஒருதடவை இருமணும்." அந்த நேரத்தில் இருமச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றும், சோதித்ததில் பலருக்கு வலி குறைந்தது. ஊதலை ஊதச் சொல்லலாம், பலூன் ஊதச் சொல்லலாம். செவிலியர்கள் "சுருக்குனு இருக்கும், பயப்படாத" என்பதற்குப் பதில் "போடுறேன் கண்ணு" என்று மட்டும் சொன்னால் போதும். ஸ்பிரிட் துடைத்தால் அது காய்ந்த பிறகு குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். போட்ட இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம், பாட்டிமார்களுக்கு இது தனியாக.

பென்டாவைப் போன்ற ஒரு கூட்டு ஊசியை முதலில் போட்டு, கூடுதலாக வலிக்கும் நிமோனியா ஊசியைப் பின்னால் போட்டால் மொத்த அழுகை குறைகிறது என்று 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. வரிசையை மாற்ற ஒரு பைசா செலவில்லை. செவிலியர் சகோதரிகள் இதை மட்டுமாவது வரும் புதன்கிழமையே தொடங்கலாம்.

அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கும் ஊராட்சிக்கும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்தச் சொற்பொழிவுக்காக எனக்குத் தருவதாகச் சொன்ன தொகையை நான் வாங்கிக்கொள்ளப் போவதில்லை. அதில் தடுப்பூசி போடும் இடத்துக்குச் சாய்மானமுள்ள இரண்டு நாற்காலி வாங்கிப் போடுங்கள், கை வைத்ததாக இருக்கட்டும். பாலூட்டும் தாய்க்கு மறைப்பாக ஒரு துணித் திரை கட்டுங்கள். மிச்சம் இருந்தால் வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு, ஒன்பது மாதப் பிள்ளைகளுக்காகச் சில குழாய் களிம்பு வாங்கிச் செவிலியரிடம் கொடுங்கள். இந்த மூன்று மாதம் ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக இருக்கும், தாய்மார்கள் யாரும் வரமாட்டார்கள். அதனால் முதலில் களிம்பையே வாங்கிவிட்டால்கூட நல்லதுதான். நாற்காலியை அடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஜீப்புக்கு விடியலில் எழவேண்டியவர்கள் முதலில் கேட்கட்டும்.